கோவிந்தப்பாவுக்கு அப்புறம்தான் மல்லிகா

மர்பி டவுனில் கோவிந்தப்பாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய குதிரையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அல்சூர், காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி பக்கமெல்லாம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை ஏறி வருவது மல்லிகா என்கிற அந்த வெள்ளைக் குதிரைமேல்தான். அந்தப் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், குதிரை மட்டும் மாறாது. எல்லாப் படத்திலும் குதிரையின் மூக்குக்குப் பக்கத்தில், கடிவாளத்தைப் பிடித்தபடி, பாதி முகம் வெட்டுப்பட்டு ஓர் ஆள் நிற்பார். அந்தப் பாதி முகம்தான் கோவிந்தப்பா. முழு முகத்தோடு அவருக்கு இருப்பது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான், அதில் அவரை அவருக்கே அடையாளம் தெரியாது.

இளவயதிலிருந்தே அவர் ரேஸ் கோர்ஸில் குதிரை தேய்க்கும் வேலையில் இருந்தார். மல்லிகா அங்கேதான் அவர் கைக்கு வந்தது. ஓடிய பந்தயங்களில் எல்லாம் கடைசியாக வந்த குதிரை அது. வேகம் இல்லாமல் இல்லை. கேட் திறந்ததும் மற்ற குதிரைகள் ஓடுவதை நின்று பார்க்கும், யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தானும் கிளம்பும். இப்படிப்பட்ட அறிவாளிக் குதிரையை வைத்துக்கொண்டு எந்த முதலாளி பந்தயம் ஜெயிப்பார்? வெறுத்துப்போய் "கூட்டிட்டுப் போய்யா இத" என்று கோவிந்தப்பாவிடம் தள்ளிவிட்டார். கோவிந்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரேஸ் கோர்ஸ் வேலையை விட்டுவிட்டு, குதிரையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற மனைவி எல்லம்மா, புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்திருந்தால்கூட அப்படி வாயைப் பிளந்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்தும் மல்லிகாவின் குணம் மாறவில்லை. எதையும் அது முதலில் செய்யாது. கொள்ளு வைத்தால் கோவிந்தப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு மென்று காட்ட வேண்டும். கேரட் என்றால் முதல் கடி அவருடையது. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் அவர் முதலில் இறங்கி நடக்க வேண்டும். பூச்சி மருந்து கொடுக்கிற நாளில் அவர் நாக்கில் தடவிக்கொண்டு, "அடடா, இன்னா ருசி!" என்று கண்ணை மூடித் தலையாட்டுவார். அதன் பிறகு மல்லிகா பெரிய மனசு பண்ணி வாயைத் திறக்கும்.

"நான் ஆக்கிப் போட்டா உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு தட்டத் தள்ளுவாரு," என்பாள் எல்லம்மா. அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா, குரல் அதற்கேற்ற மாதிரி இருக்கும். "தவிட்ட மட்டும் கல்யாண விருந்து கணக்கா தின்னுவாரு. கேட்டா புள்ளைக்காகவாம்!"

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்த ஜீவனஹள்ளி கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை பெயர் யுவன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூலிங் கிளாஸ், தலைப்பாகை எல்லாம் போட்டுக்கொண்டு, குதிரை எந்த நேரத்திலும் வெடித்துவிடும் என்பதைப் போல விறைத்து உட்கார்ந்திருந்தான். முன்னால் பேண்டு வாத்தியம், நடுவில் ஆடுகிற கூட்டம், பின்னால் ஹாரன் அடிக்கிற பஸ்கள். மண்டபத்துக்குப் போகிற மேட்டில் பாதி ஏறியிருப்பார்கள், மல்லிகா நின்றுவிட்டது.

பேண்டுக்காரர்கள் கொஞ்ச தூரம் முன்னால் போய்த் திரும்பி வந்தார்கள். கூட்டம் குதிரையைச் சுற்றி ஆடிப் பார்த்தது. யாரோ ஒரு சித்தப்பா அதன் காதில் விசில் அடித்தார். மல்லிகா அசையவில்லை. கோவிந்தப்பா அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டார். டமடமவென்று ஒரு சத்தம். பேண்டு நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கால் துவண்டது. பெற்ற பிள்ளைக்கு ஒன்று என்றால் யாருக்குத்தான் அப்படி ஆகாது?

"நெஞ்சு அடிச்சிக்குது சார் இவளுக்கு. எறங்கிடுங்க சார்," என்றார், மூச்சு வாங்க.

"குதிரைக்கு ஹார்ட் அட்டாக்கா? என்னைய ஏத்தினதாலயா?" என்று யுவன் அலறி இறங்கினான். கல்யாணத்துக்காக ரெண்டு மாதம் ஜிம்முக்குப் போன பையன், பாவம், மண்டபம் வரைக்கும் வயிற்றை எக்கிக்கொண்டே நடந்துபோனான்.

மறுநாள் காலையில் டாக்டர் நிருபமா வந்தார். காக்ஸ் டவுனில் மிருக வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா. நாய், பூனைகள்தான் அதிகம், குதிரை என்றால் சந்தோஷமாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வருவார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இதயத்துல லேசா ஒரு மர்மர், அதான் இரைச்சல், கேக்குது. நிறைய குதிரைக்கு இருக்கறதுதான், கவலைப்பட வேண்டாம். ஆனா நடு ரோட்டுல நின்னுச்சுன்னு சொல்றீங்களே, எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் பாத்துடலாம். இதயத்துல தசை அடிபட்டா, ட்ரோபோனின்னு ஒரு புரோட்டீன் ரத்தத்துல கசியும். மனுஷங்களுக்கும் அதேதான், குதிரைக்கும் அதேதான். மனுஷங்க லேப்லயே குடுத்துப் பாக்கலாம்."

டாக்டர் ஊசியை எடுத்ததும் மல்லிகா காதை மடக்கிக்கொண்டு பின்னால் போனது. பிறகு கோவிந்தப்பாவைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். கோவிந்தப்பாவுக்கு ஊசி என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. கொரோனா தடுப்பூசி போட வந்தவர்களைப் பார்த்து, குதிரைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டவர் அவர்.

"டாக்டரம்மா, மொதல்ல எனக்குக் குத்திக் காட்டணும். இல்லாங்காட்டி ஒத்துக்கமாட்டா," என்றார்.

"அய்யய்யோ, நான் மனுஷங்களுக்கு ஊசி போட்டா என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க. ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க," என்று நிருபமா லேபுக்கே போன் போட்டார்.

லேபிலிருந்து கிளாரன்ஸ் வந்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவன். சர்ச் கொயரில் பாடுகிற குரலில், "ஒண்ணுமே இல்ல அங்கிள், எறும்பு கடிச்ச மாதிரி" என்று எல்லாரிடமும் சொல்லுவான். கோவிந்தப்பா மல்லிகாவுக்கு நேராக ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். ஊசி ஏறியபோது உயிர் போய் வந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு, குதிரை பார்க்கிறதே! "ஆஹா... சுகமா இருக்குடி..." என்று கண்ணில் தண்ணீர் வழியச் சொன்னார். மல்லிகா லேசில் நம்புகிற ஆள் இல்லை. குழாய் நிறைந்து, பஞ்சு வைத்து, கையை மடக்குகிறவரை கழுத்தை நீட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுக் கழுத்தைக் காட்டியது. நிருபமா நொடியில் ரத்தத்தை எடுத்துக் கிளாரன்ஸிடம் கொடுத்தார்.

இங்கேதான் ஒரு சின்னக் கோளாறு நடந்தது. கிளாரன்ஸ் மனுஷர்களிடம் ரத்தம் எடுத்தே பழகியவன். யாருடைய ரத்தமோ அவர் பெயரைக் குழாயில் எழுதுவது அவன் வழக்கம். அதனால் ஒன்றில் "கோவிந்தப்பா" என்று எழுதினான், இன்னொன்றில் "மல்லிகா" என்று எழுதினான். சும்மா காட்டுவதற்காக எடுத்த ரத்தம்தானே, கொட்டிவிடலாமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. எடுத்த ரத்தத்தைக் கொட்டுவது அவனைப் பொறுத்தவரை பாவம். இரண்டையும் ஒரே டெஸ்டுக்கு அனுப்பிவிட்டான்.

நிருபமாவின் வழக்கம் வேறு. மிருக வைத்தியர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். அவர்களிடம் நாய், பூனை, குதிரை எல்லாம் சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கும். லேபில் போய் "கோவிந்தப்பா ரிப்போர்ட் குடுங்க" என்று கேட்டார், கொடுத்தார்கள். மல்லிகா என்கிற பெண்மணியின் ரிப்போர்ட் கேட்பாரில்லாமல் லேபிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலமே டாக்டரம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"ட்ரோபோனின் கூடுதலா இருக்கு, கோவிந்தப்பா. இதயத்துல கோளாறுதான். இனி முழு ஓய்வு. மேடு ஏறவே கூடாது. அது நக்கற உப்புக் கட்டியை எடுத்துடுங்க. சத்தம், கோபம், எதுவும் ஆகாது. பக்கத்துல பீடிப் புகைகூட வரக் கூடாது. சீக்கிரம் ஸ்கேன் மெஷின் கொண்டு வந்து பாக்கறேன்."

கோவிந்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். குதிரைக்காக ஒரு மனுஷன் இப்படி அழுவானா என்று நீங்கள் கேட்கலாம். அவருக்குப் பிள்ளை இல்லை. சொந்தக்காரர்கள் ஆனேக்கல் பக்கம் இருந்தார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் வருவார்கள். காலையில் எழுந்தால் அவரைப் பார்த்துத் தலையாட்ட அந்த ஒரு ஜீவன்தான் இருந்தது. மல்லிகா போய்விட்டால் தானும் இருக்கப்போவதில்லை என்று அவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பம். மல்லிகா எதையும் முதலில் செய்யாதே! ஓய்வும் அப்படித்தான். கொட்டகையில் வைக்கோலைப் பரப்பி, "படுடி" என்றால் நின்றுகொண்டே பார்த்தது. ஆகவே முதலில் கோவிந்தப்பா படுத்தார். எழுந்தால் அதுவும் எழுந்துவிடும், அதனால் எழவே இல்லை. பகலெல்லாம் குறட்டை. உப்பில்லாமல் வேக வைத்த கொள்ளைப் பாதி அவர் தின்றார், மீதி மல்லிகா தின்றது. பீடிக் கட்டைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தார். எல்லம்மா சத்தம் போட்டால், "கத்தாதம்மே, அவளுக்கு ஆகாது" என்று மெதுவாகச் சொன்னார்.

எல்லம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கட்டின நாள்லருந்து சொல்றேன், பீடிய உடுய்யா, உடுய்யான்னு. கேட்டியா? குதிரைக்கின்னதும் ஒரே நாள்ல உட்டுட்டியே. அடுத்த ஜென்மத்துல நானும் வாலோட பொறக்கறேன்!"

சொன்னாளே தவிர, மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இருவருக்கும் விசிறிவிட்டாள். ஒரு வீசு புருஷனுக்கு, ஒரு வீசு குதிரைக்கு.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் போன் அடித்தது. கோவிந்தப்பா படுத்தபடியே ஸ்பீக்கரில் போட்டார். லேபிலிருந்து ஒரு பெண், தேன் தடவிய குரல்.

"குட் மார்னிங் சார். மல்லிகா மேடம்கிட்ட பேசலாமா?"

"அவ பேசமாட்டாம்மா."

"ரெஸ்ட்ல இருக்காங்களா சார்?"

"ஆமாம்மா. வைக்கோல்மேல படுத்திருக்கறா."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அந்தப் பெண் குரல் மாறாமல் தொடர்ந்தாள். "ஓகே சார். மேடமோட ரிப்போர்ட் ரெடியாகி ரெண்டு நாள் ஆச்சு, யாரும் வந்து வாங்கலை. எல்லாமே நார்மல். ஹார்ட் சூப்பரா இருக்கு. ஓ, பன்னெண்டு வயசுதான் போட்டிருக்கு... பாப்பாவா? பயப்படாம ஸ்கூலுக்கு அனுப்புங்க சார்."

கோவிந்தப்பா எழுந்து உட்கார்ந்தார். மல்லிகாவும் எழுந்தது. "நார்மலா? டாக்டரம்மா ஜாஸ்தின்னு சொன்னாங்களே?"

"இல்ல சார். ஜாஸ்தியா வந்தது கோவிந்தப்பான்னு ஒருத்தருக்கு. இதே போன் நம்பர்தான். வயசு அம்பத்தேழு. அவரு இப்ப எப்படி இருக்காரு சார்? ஆஸ்பத்திரியில சேத்துட்டீங்களா?"

"இல்லம்மா. அவரும் வைக்கோல்மேலதான் படுத்திருந்தாரு," என்றார் கோவிந்தப்பா, தன்னையறியாமல்.

போனை வைத்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மல்லிகாவுக்கு ஒன்றும் இல்லை! அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார், நெற்றியில் முத்தம் கொடுத்தார், ஜீவனஹள்ளி பேண்டு வாசித்த குத்துப்பாட்டைத் தானே வாயால் வாசித்துக்கொண்டு கொட்டகைக்குள் ஆட ஆரம்பித்தார். அவர் ஆடியதைப் பார்த்து மல்லிகாவும் தலையை ஆட்டியது.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட எல்லம்மா ஆடவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், ஆடாதய்யா. அந்தக் கோவிந்தப்பா நீதான்யா."

ஆட்டம் நின்றது. மல்லிகாவின் தலையும் நின்றது.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சிச் சொல்லு," என்றாள் எல்லம்மா. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து அவர் கேட்டதே இல்லை. "அன்னிக்கி ஜீவனஹள்ளி மேட்டுல மொதல்ல நின்னது யாரு?"

கோவிந்தப்பா யோசித்தார். மேடு, பேண்டு, கையில் கடிவாளம். குதிரை முதலில் நின்றிருந்தால் கடிவாளம் அவர் கையைப் பின்னால் இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை, தொய்ந்துதான் கிடந்தது. அதற்கும் முன்னால் அவர் நெஞ்சில் யாரோ பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. சட்டை நனைந்தது, கால் துவண்டது. எல்லாம் அதற்கு முன்னாலேதான். மல்லிகா என்றைக்கு எதை முதலில் செய்தது?

"நாந்தான்மே," என்றார்.

எல்லம்மா ஓவென்று அழுதுகொண்டே ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

டாக்டர் நிருபமாவுக்குப் போன் போட்டதும் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார். "ஆண், அம்பத்தேழுன்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு. குதிரைக்குப் போட இடம் இல்லாம ஓனர் விவரத்தைப் போட்டுட்டாங்கன்னு நெனச்சிட்டேன். தப்பு என்மேலதான்," என்று கையைப் பிசைந்தார்.

பெரிய இதய ஆஸ்பத்திரி அது. இ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கற மாதிரி தெரியுது. இதோட ரெண்டு மூணு நாள் தள்ளியிருக்கீங்க. நடந்து திரிஞ்சு, மேடு ஏறியிருந்தா, இந்நேரம் நாம பேசிட்டிருக்க மாட்டோம். நல்ல வேளை, ரெஸ்ட்ல இருந்தீங்க, உப்பு, பீடி எல்லாம் நிறுத்தியிருக்கீங்க. எந்த டாக்டர் சொன்னது?"

"இவங்கதான் சார்," என்று நிருபமாவைக் காட்டினார் கோவிந்தப்பா.

"நீங்க கார்டியாலஜிஸ்டா மேடம்?"

"இல்ல சார், வெட்னரி," என்றார் நிருபமா. "நான் குதிரைக்குத்தான் சொன்னேன்."

டாக்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அடைப்பை நீக்குவதற்கு முன்னால் கையில் ஊசி ஏற்ற வேண்டும். நர்ஸ் பாகீரதி தட்டோடு வந்து நின்றதும் கோவிந்தப்பா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அன்றைக்குக் குதிரை பார்த்தது, அதனால் தைரியம் வந்தது. இங்கே எந்தக் குதிரை இருக்கிறது? "எனக்கு ஒண்ணும் வாணாம். ஊட்டுக்குப் போறேன்," என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். பாகீரதி கன்னடத்தில் கெஞ்சினாள், தமிழில் மிரட்டினாள். நிருபமா, "கோவிந்தப்பா, நல்ல பிள்ளையாச்சே" என்று நாயிடம் பேசுகிற குரலில் பேசிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

எல்லம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சிஸ்டர், மொதல்ல எனக்குக் குத்து."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"அவரு பாக்கணும்."

பாகீரதி நிருபமாவைப் பார்த்தாள். நிருபமா, "குத்துங்க, அப்பதான் ஆகும்," என்றார், இந்த வைத்தியம் அவருக்கு நன்றாகவே தெரியும். சர்க்கரை பார்க்கிற ஊசியை எடுத்து எல்லம்மாவின் விரலில் குத்தினாள் பாகீரதி. எல்லம்மா கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே தெருவைக் கூட்டுகிறவள். அன்றைக்கு ஒரு சத்தமும் போடவில்லை. புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "ஆஹா, சுகமா இருக்குய்யா," என்றாள், கண்ணில் தண்ணீர் வழிய.

கோவிந்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காக முதலில் குத்திக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது என்பது அந்த மனுஷனுக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு பெருமூச்சு விட்டு, மெதுவாகக் கையை நீட்டினார்.

அடைப்பு நீங்கி, வீட்டுக்கு வந்து, இப்போது மறுபடியும் ஊர்வலம் போகிறார். மேடு இல்லாத மண்டபங்களாகப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்கிறார். நடுவில் மூச்சு வாங்கினால் நின்று, "குதிரைக்கு ஒண்ணுமில்ல சார், எனக்குத்தான்" என்று மாப்பிள்ளையிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார்.

இதில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. காட்டுவதற்காகக் குத்திய அந்த ஊசியில் எல்லம்மாவுக்குச் சர்க்கரை கூடுதலாக இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் டீயில் சர்க்கரை கிடையாது. எல்லம்மா முகத்தைச் சுளித்தால் கோவிந்தப்பா தன் டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்து, "அடடா, இன்னா ருசி!" என்று தலையாட்டுகிறார். அதன் பிறகு அவளும் குடித்துவிடுகிறாள்.

மல்லிகாவுக்கு மட்டும் பழையபடி சாயங்காலம் வெல்லம் உண்டு, ஆனால் முதலில் யாராவது கடித்துக் காட்ட வேண்டுமே! எல்லம்மா தொடக் கூடாது, அவளுக்காகக் கோவிந்தப்பாவும் தொடுவதில்லை. அதனால் வேலை முடிந்ததும் கிளாரன்ஸ் வருகிறான், பெரிய கட்டியாக எடுத்து ஒரு கடி கடிக்கிறான். அவனுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.